கதவுக்குப் பின்னால் செஃபெரினோ

போர்த்தெல், நவம்பர் 19

என் அன்பு மகள் லியோனில்டேவுக்கு,

உன் அப்பா ஜெர்வாசியோ எழுதுவது. இந்தத் தாள் உன் கைக்கு வந்து சேரும் நேரம் நீ தடுமன் காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கவேண்டும், லக்சம்பர்க் குளிர் உன்னை விட்டு வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும். இங்கே உன் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், என் இடது முட்டி மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, மற்றதெல்லாம் ஆண்டவர் புண்ணியத்தில் ஓடுகிறது. இது என் சொந்தக் கையெழுத்து மகளே, யாரும் எழுதித் தரவில்லை, யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவும் இல்லை. ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது. காலையில் எட்டு வரி எழுதுவேன், கை வலித்தால் எழுந்துபோய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து இன்னும் நான்கு வரி. நீ இதைப் படிக்கக் கால் மணி நேரம் ஆகும், அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எனக்கு எழுபத்தாறு வயது, போன பிப்ரவரி வரை எங்காவது கையெழுத்துப் போடு என்றால் பெருவிரலைத்தான் நீட்டுவேன். எண் மட்டும் தெரியும். தக்கை மரத்தில் பட்டை உரித்து முடித்ததும் அந்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைப் பெயிண்டால் அடிமரத்தில் எழுதவேண்டும், எழுதிவிட்டால் ஒன்பது வருஷத்துக்கு, பட்டை மறுபடி வளரும் வரை, அந்த மரத்தில் ஒருத்தனும் கோடாலி வைக்கக்கூடாது. நாற்பது வருஷம் காடு முழுக்க எண் எழுதியவன் ஓர் எழுத்தும் அறியாமல் இருந்திருக்கிறேன். இப்போது ஊராட்சி அலுவலக மாடியில் செவ்வாயும் வியாழனும் பிலொமேனா ஆசிரியையின் வகுப்புக்குப் போகிறேன், நாங்கள் பதினோரு பேர், எல்லாருக்கும் சேர்த்து ஆயுசு எழுநூறு எண்ணூறு இருக்கும். எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். எண்ணெய் டப்பா, பஸ்ஸின் நெற்றி, கல்லறையில் உன் தாத்தாவின் கல், எல்லாம் என்னிடம் பேசுகின்றன. உன் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியைப் படித்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டியதை அவள் இரண்டு வருஷமாகச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாள் என்று கண்டுபிடித்தேன். ரெண்டு வருஷமா சாகலையே, அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும், என்றாள். ஒலிவ் அறுவடை பாதி முடிந்தது, காய் சிறிது, எண்ணெய் நன்றாக இருக்கிறது, உனக்கு ஐந்து லிட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். நாய்க்கு ஒரு காது கேட்கவில்லை.

சரி, நீ போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய், என் அறைச் சுவரில் கடைசியில் என்னதான் மாட்டினீர்கள் என்று. மூன்று தடவையும் நான் மழையைப் பற்றிப் பேசினேன். காரணம், போன் பேசும்போது உன் அம்மா என் தோளில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். எழுத்து என்றால் நானும் நீயும் மட்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்படாதே.

நீ அனுப்பிய ரெக்கார்டு பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும் செப்டம்பரில் வந்தன. உன் ஞானத்தகப்பன் அதெலினோதான் வந்து மாட்டித் தந்தான், பிரான்ஸில் முப்பது வருஷம் இருந்தவன், அவன் வீட்டில் ஏற்கெனவே பாட்டுக் கேட்க என்றே ஓர் அறை வைத்திருக்கிறான். நீ சொன்னபடி உன் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு இரண்டு நாற்காலி மட்டும் போட்டோம். முதல் ரெக்கார்டை வைத்தால் பாட்டு தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவதுபோல் இருந்தது. அதெலினோ நடு அறையில் நின்று இரண்டு கையையும் ஓங்கி ஒரு தட்டு தட்டினான், சத்தம் சுவரில் பட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கேட்டியா, சுவரு மொட்டையா இருக்குது, துணி வேணும், தக்கை வேணும், நாற்காலிக்கு எதுத்தாப்புல பாக்குறதுக்கு ஒண்ணு வேணும், ஆனா கண்ணாடி போட்ட படம் மட்டும் ஆகாது, கண்ணாடி பாட்டைத் திருப்பி மூஞ்சியில எறியும், என்றான். அவன் போன பிறகு நான் ஒவ்வொரு மூலையாகப் போய்க் கை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வாசலில் வந்து நின்று, யாருக்குய்யா கைதட்டுற, கூத்து முடிஞ்சிருச்சா, என்றாள்.

தக்கைக்கு நான் எங்கே போகவேண்டும், கொட்டகையில் கிடந்த பலகைப் பட்டையில் நல்லதாகப் பன்னிரண்டு எடுத்துத் தேய்த்துப் பக்கச் சுவர்களில் அடித்துவிட்டேன், பின்சுவரில் உன் அத்தை கொடுத்த கம்பளியைத் தொங்கவிட்டோம். மறுபடி கை தட்டினேன், வால் இல்லை. பாட்டுக்காரன் எழுந்து அறைக்குள் வந்து நின்றுவிட்டான் மகளே. நாற்காலிக்கு எதிர்ச் சுவர் மட்டும் காலி. அங்கே என்ன என்பதுதான் பாக்கி. மாட்டுவதற்குப் படம் தேர்ந்தெடுக்க நீ அனுப்பிய புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன், பேரையும் படித்தேன், நீலக் கிடார், மழையில் ஊதுகுழல், காதில் கருவி மாட்டிய குதிரை. குதிரை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உன் அம்மாவோ அதெலினோவின் அறையையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் துணியில் அச்சடித்த மூன்று பெரிய படம், ஒரு பெண் பாடுகிறாள், ஒரு கிழவன் வயலின் வாசிக்கிறான், மூன்றாவதில் வெறும் கை மட்டும். எப்படி அளந்து மாட்டிருக்கான் பாரு, ஒரு விரல் ஏறல எறங்கல, பிரான்ஸ் பாத்த கண்ணு, என்றாள். காடு பார்த்த கண்ணு கண்ணு இல்லையா. அன்று ராத்திரி சாப்பாட்டில் ரொட்டிக் கஞ்சி எனக்கு இறங்கவில்லை. அதெலினோ நல்லவன், உனக்கு ஞானஸ்நானத்தில் தலையைப் பிடித்தவன், ஆனாலும் அவன் அறை எரிந்துபோனால் நான் வாளியை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் போவேன் என்று தோன்றியது. பாவம்தான், எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மனசில்லை, இந்த வரிக்கு அரை மணி ஆயிற்று.

அதெலினோ விஷயம் சின்னது. அடுத்த நாள் உன் அம்மா பெட்டகத்தைத் திறந்தாள், துணிக்கு அடியிலிருந்து அவனை வெளியே எடுத்தாள். நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், அக்கார்டியன்காரன் செஃபெரினோவின் படம், கெட்டி அட்டை, சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது. எண்ணெய் தேய்த்த தலை, முத்துப் பொத்தான் வைத்த அக்கார்டியன், வாயில் முப்பத்திரண்டு பல். அவள் சித்தியின் பழைய சட்டத்தைக் காலி செய்து அதில் அவனை வைத்துக் கண்ணாடியும் போட்டு, நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் பிடித்துக் காட்டி, இவன்தான், பாட்டுக் கேக்குற அறையில பாட்டுக்காரன் இல்லாம குதிரையா மாட்டுவாங்க, என்றாள். எனக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. ஐம்பத்தேழு வருஷம் பெட்டகத்துக்குள் இருந்தவன், என் மகள் அனுப்பிய ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்துப் பல்லைக் காட்டப்போகிறான்.

நான் புத்திசாலித்தனமாக, கண்ணாடி ஆகாது, அதெலினோ சொன்னானே, என்றேன். அவள் அங்கேயே நின்று நான்கு ஆணியையும் நிமிர்த்திக் கண்ணாடியை எடுத்துவிட்டாள். வெயில் பட்டா வெளுத்துருமே, என்றேன். ஜன்னல் பின்னால இருக்குது, வெயிலு என்ன திரும்பிப் பாக்குமா, என்றாள். அட்டை அதிரும், பாட்டு ஏறும்போது கிர்ர்னு சத்தம் வரும், என்றேன். அப்போது அவள் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, யோவ் ஜெர்வாசியோ, உனக்கு பாட்டு மேல கவலையா அந்தப் பல்லு மேல கவலையா, என்றாள். எனக்கு எதுக்குக் கவலை, இப்ப இருந்தா எண்பத்து மூணு வயசு, பல்லெல்லாம் கொட்டி எங்கயாவது கஞ்சி குடிச்சிட்டு இருப்பான், என்றேன். நீ மட்டும் கொட்டை உடைச்சுத் திங்கிறியோ, என்றாள். அன்றிலிருந்து படம் தரையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது, நான் சாய்த்து வைத்தேன், அவள் வந்து திருப்பி வைப்பாள், நான் மறுபடி சுவர்ப் பக்கம் திருப்புவேன். ஒரு வாரம் இப்படியே போனது. பாட்டு ஒன்றும் கேட்கவில்லை.

காரணம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். அறுபத்தேழாம் வருஷம் பேதுரு திருநாள், ஜூன் இருபத்தொன்பது, ஊர்ச் சதுக்கத்தில் சாயங்காலம் ஆட்டம். நானும் உன் அம்மாவும் அப்போதே பேசிப் பழகிக்கொண்டிருந்தோம், ஊருக்கும் தெரியும், அவள் வீட்டிலும் பாதி தெரியும். எனக்கு ஆடத் தெரியாது, சுவரில் சாய்ந்து நின்றேன், அவள் அவளுடைய சித்தப்பா மகனோடு ஆடினாள். பேஜா நகரத்திலிருந்து வந்த இந்தச் செஃபெரினோ வாசித்தான். அவன் விரலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்து வாசித்தான். இடைவேளையில் எல்லாருக்கும் அவன் படத்தை இனாமாகக் கொடுத்தான், அவளுக்குக் கொடுக்கும்போது மட்டும் அட்டையைத் திருப்பி அக்கார்டியன் மேலேயே வைத்துப் பேனாவால் நான்கு வரி எழுதினான். நான் பத்து அடி தள்ளி நின்றேன். எழுதியது எழுத்து என்று தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. அவளுக்கும் படிக்கத் தெரியாது. என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்குக் கவலை என்று ஆகிவிடும். மறுநாளே மலைக்குப் பட்டை உரிக்கப் போய்விட்டேன், அந்தக் கோடையில் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தேன். அக்டோபரில் கல்யாணம் ஆயிற்று. ஆனால் அவள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பெட்டகத்தைத் திறந்து அந்த அட்டையை எடுப்பாள். முன்பக்கத்தைப் பார்க்கமாட்டாள் மகளே, பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். படிக்கத் தெரியாதவள் எழுத்தை என்ன பார்ப்பது. நான் பார்ப்பதைப் பார்த்தால் மடித்த துணிக்குள் வைத்துவிடுவாள். ஐம்பத்தேழு வருஷமாக என் நெஞ்சில் ஒரு சிம்பு குத்திக்கொண்டே இருந்தது, எடுக்க இடுக்கி இல்லை.

இப்போதுதான் எனக்கு இடுக்கி கிடைத்திருக்கிறதே. அக்டோபரில் ஒரு நாள் உன் அம்மா கோழி முட்டை கொடுக்கப் போன நேரம் படத்தைத் திருப்பி ஜன்னலருகில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. நாங்கள் வகுப்பில் படிப்பது அச்சு எழுத்து, ஒவ்வொன்றும் தனியாகக் காலை ஊன்றி நிற்கும். அவன் எழுதியது ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஓடும் எழுத்து, முள்ளுக்கொடி மாதிரி, எது தலை எது வால் தெரியவில்லை. அடுத்த செவ்வாய் ஆசிரியையிடம் போய், எனக்குச் சேர்த்து எழுதுற எழுத்தைச் சொல்லித் தாங்கம்மா, என்றேன். அவர் கையைக் கூப்பி, பாத்தீங்களா எல்லாரும், ஜெர்வாசியோ ஐயாவுக்கு எவ்வளவு ஆசை, என்று வகுப்பு முழுக்கச் சொன்னார். பின்பெஞ்சில் ரொட்டிக்கடைக் கிழவி, ஆசை எழுத்து மேலயா எவ மேலயா, காதல் கடிதாசி எழுதத்தான் இந்தக் கிழவன் அவசரப்படுறான், என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்று வாரம் மகளே, ஒரு நோட்டு முழுக்க வளைத்து வளைத்து எழுதினேன். பட்டையில் கோடாலி வைக்கும்போது மணிக்கட்டை எப்படித் தளர்த்தவேண்டுமோ அப்படித்தான் பேனாவுக்கும், அழுத்தினால் மரத்துக்குக் காயம், அது பிடிபட்ட பிறகு கொடி அவிழ ஆரம்பித்தது.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு உன் அம்மா பூசைக்குப் போனாள், நான் முட்டி வலி என்று வீட்டில் இருந்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுப் படித்தேன். முதல் சொல் சீக்கிரம் வந்துவிட்டது, பெர்பெதுவா, உன் அம்மாவின் பெயர். மற்றது பூசை முடியும் வரை இழுத்தது. அப்படியே எழுதுகிறேன். பெர்பெதுவாவுக்கு, உன்னை ஆடக் கூப்பிடத் தெரியாத தக்கைக்காரன் மலைக்குப் போனதும் நீ தனியாக இருப்பாய், மாதா திருநாள் வரை நான் பேஜாவில்தான் வாசிக்கிறேன், பஸ் நிற்கும் சதுக்கத்தில் என் பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டுவார்கள், காத்திருப்பேன், செஃபெரினோ. இவ்வளவுதான். நாற்காலி என்னோடு கீழே போனதுபோல் இருந்தது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பதினைந்து வரை, ஒன்றரை மாதம், ஒருவன் சதுக்கத்தில் காத்திருந்திருக்கிறான், நான் மலையில் புகையிலை மென்றுகொண்டு மரத்துக்கு ஏழு ஏழு என்று எண் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால்? அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளை மூன்று வருஷம் வைத்திருந்தால்? நீ பிறந்திருக்கமாட்டாய். இந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்திருப்பார்கள். எனக்கு எழுத்து வந்ததில் எவ்வளவு சந்தோஷமோ, அவளுக்கு வராமல் போனதில் அன்று ஒரு நிமிஷம் அவ்வளவு சந்தோஷப்பட்டேன், அது என் வாழ்நாளில் நான் பட்ட கெட்ட சந்தோஷம்.

எழுந்துபோய் அடுப்புக் கதவைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், திறந்தேன். அட்டை கெட்டியாக இருந்தாலும் நன்றாகத்தான் எரியும். அவளிடம் கை தவறிவிட்டது என்று சொல்லியிருப்பேன், நான்கு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு நீலக் கிடாரை மாட்டியிருப்போம். ஆனால் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது போன மே மாதம் ஞாபகம் வந்தது. நீ பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாயே, அப்பா, இதை நீங்களே படியுங்கள் என்று. அந்த ஒரு வரியை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினேன், இப்போதும் பையில்தான் இருக்கிறது. எனக்கு வந்ததை நான் படித்தேன். இது அவளுக்கு வந்தது. ஐம்பத்தேழு வருஷமாக ஒரு மனுஷிக்கு வந்த கடிதம் படிக்கப்படாமல் கிடக்கிறது, படிக்கத் தெரிந்த ஒருத்தன் வீட்டில் இருந்துகொண்டு அதை அடுப்பில் போட்டால் அவனுக்கு ஆசிரியை எழுத்தைச் சொல்லித் தந்தது எதற்கு. அடுப்பை மூடிவிட்டேன். என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று நினைத்தேன், தைரியம் வந்து அல்ல.

அவள் வந்து கோட்டைக் கழற்றிவிட்டுக் கொத்தமல்லியும் பூண்டும் இடிக்க உட்கார்ந்தாள். நான் படத்தை எடுத்துக்கொண்டு போய் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, பெர்பெதுவா, உனக்கு ஒரு கடிதாசி வந்திருக்குது, படிக்கவா, என்றேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உலக்கையைக் கீழே வைத்தாள். படி, என்றாள். விரலை வைத்து முதல் சொல்லிலிருந்து கடைசி வரை படித்தேன், இரண்டு இடத்தில் தடுமாறினேன், தக்கைக்காரன் என்ற இடத்தையும் நிறுத்தாமல் படித்தேன். இன்னொரு தரம் படி, என்றாள். இன்னொரு தரம் படித்தேன். அதற்குப் பிறகு, நல்லாப் படிக்கிறய்யா, என்றாள். நான் கேட்டேன், ஐம்பத்தேழு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன், இது தெரிஞ்சிருந்தா போயிருப்பியா என்று. அவள் சிரித்தாள் மகளே. அட மக்குப் பயலே, படிக்கத் தெரியாதவகிட்ட எழுதிக் குடுத்துட்டு சும்மா போறதுக்கு அவன் என்ன உன்னை மாதிரியா, எழுதிக்கிட்டே வாயாலயும் சொன்னான், பஸ் நிக்கிற எடம் மொதக்கொண்டு சொன்னான், எனக்கு அன்னைக்கே தெரியும், என்றாள்.

தெரிந்தும் போகவில்லை என்கிறாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். பேஜா வெயிலு எனக்கு ஆகாது, என்றாள். ஒழுங்கா சொல்லுடி, என்றேன். கொத்தமல்லியை மறுபடி இடித்துக்கொண்டே சொன்னாள், ஜூலையில நீ மலையிலேருந்து வந்த, ஒரு பூ கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, எங்கம்மா வீட்டுக் கெணத்துக் கயிறு நைஞ்சு போயிருக்குதுன்னு பாத்துட்டுப் புதுசு வாங்கி மாட்டிட்டு அப்படியே திரும்பி நடந்துட்ட, அவன் நல்லாத்தான் வாசிப்பான், இல்லேன்னு சொல்லல, ஆனா கயிறு பாக்கமாட்டான், என்றாள். எனக்குக் கயிறு ஞாபகமே இல்லை. சரி, அப்படியானால் இந்த அட்டையை எதுக்கு வெச்சிருந்த, பின்பக்கத்தை எதுக்குப் பாத்துக்கிட்டே இருந்த, என்றேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் சொல்லின் மேல் விரலை வைத்தாள். இது நான்தானே, என்றாள். அவன் காட்டினான், இதுதான் உன் பேரு, இப்படித்தான் இருக்கும்னு, அது வரைக்கும் என் பேரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, அதைத்தான் எடுத்து எடுத்துப் பாப்பேன், என்றாள். உன் அடையாள அட்டையில இருக்குதே, என்றேன். அது கவர்மெண்டு எழுதினது, ஒரு மனுஷன் கையால என் பேரை எழுதினது இது ஒண்ணுதான், நீயா எழுதிக் குடுத்த, என்றாள். சொல்லிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். இத்தனை காலம் அவன் பல் மேலும் அவன் விரல் மேலும் பொறாமைப்பட்டேன், அது எல்லாம் வீண், பொறாமைப்பட வேண்டியது அந்த மையின் மேல் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லை அவன் எனக்கு முன்னால் எழுதிவிட்டான். அதை என்னால் மாற்ற முடியாது.

கொட்டகைக்குப் போனேன். பெரிய பட்டை ஒன்று ஓரம் உடையாமல் இருந்தது, என் நெஞ்சு உயரம், இரண்டு கை அகலம், அதை நனைத்துக் கல் ஏற்றி நிமிர்த்தி ஒரு நாள் காயவைத்தேன். வெள்ளைப் பெயிண்டும் மரத்தில் எண் எழுதும் தூரிகையும் இன்னும் இருந்தன, தூரிகை மயிர் கல்லாகியிருந்தது, ஊறவைத்தேன். ஆசிரியை சொல்லித் தந்த சேர்த்து எழுதும் எழுத்தில், மணிக்கட்டைத் தளர்த்திக்கொண்டு, பெர்பெதுவா என்று எழுதினேன். முதல் எழுத்து கோழி அளவு, கடைசி எழுத்து குஞ்சு அளவு, இடம் போதவில்லை. தக்கை பெயிண்டைக் குடித்துவிடும், அதனால் மேலே இரண்டு தடவை போனேன், மூன்று நாள் ஆயிற்று. அதை நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். தக்கை, கண்ணாடி இல்லை, அதிராது, வெளுக்காது, அதெலினோ சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மடியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். சாயுதேய்யா, என்றாள். நேராத்தான் இருக்குது, எழுத்துதான் சாயுது, என்றேன். பிறகு எழுந்துபோய் உன் ரெக்கார்டு பெட்டியின் குமிழை அவளாகவே திருகினாள், முதல் தடவையாக.

அதெலினோ நேற்று வந்தான். நடு அறையில் நின்று கை தட்டினான், சத்தம் போன இடத்திலேயே நின்றுவிட்டது. சுவரைப் பார்த்தான். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள், அவள் சுவரையும் பார்த்தாள், அவள் புருஷனையும் பார்த்தாள். போகும்போது அதெலினோ என் காதோரம் வந்து, கொட்டகையில இன்னொரு பட்டை கெடக்குதா, என்றான். கிடக்கிறது என்று சொன்னேன், பெயிண்டுதான் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை மகளே, கால் டப்பா இருக்கிறது, ஒரு வாரம் போகட்டும் என்று வைத்திருக்கிறேன். மூன்று பெரிய படம் வைத்தவன் கொஞ்சம் காத்திருக்கலாம்.

செஃபெரினோவை என்ன செய்தோம் என்று கேட்பாய். வெளியே எறியவில்லை, அவள் விடமாட்டாள், எனக்கும் இப்போது மனசு வராது. கதவுக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன், இடம் நான் பார்த்தது. கதவு திறந்திருந்தால் கதவே அவனை மூடிக்கொள்ளும். ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் விட்டேன், பாட்டை ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்றால் கதவைச் சாத்தவேண்டும். சாத்தினால் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். நான் காற்று வேண்டும் என்று எழுந்துபோய்த் திறப்பேன், அவள் நாய் குரைக்குது என்று எழுந்துபோய்ச் சாத்துவாள். நாய் குரைப்பதே இல்லை. ஒரு ரெக்கார்டு முடிவதற்குள் நாங்கள் நான்கு தடவை எழுந்திருக்கிறோம், முட்டிக்கு நல்லது என்கிறாள்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். பட்டையில் அவள் பெயரை எழுதி முடித்த பிறகு தூரிகையில் கொஞ்சம் பெயிண்ட் மிச்சம் இருந்தது, கை பழக்கத்தில் கீழே ஓரமாக ஒரு நாலையும் போட்டுவிட்டேன், இந்த வருஷத்து எண். உன் அம்மா தக்கைக்காரன் பெண்டாட்டி, பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். ஓ, ஒன்பது வருஷத்துக்கு ஒருத்தனும் தொடக்கூடாதோ, என்றாள். ஆமா, என்றேன். ஒன்பது வருஷம் கழிச்சு, என்று கேட்டாள். அப்போது எனக்கு எண்பத்தைந்து, அவளுக்கு எண்பத்து மூன்று. தூரிகையைக் கழுவித்தான் வெச்சிருக்கேன், என்றேன்.

சரி மகளே, தாளும் தீர்ந்தது, கையும் தீர்ந்தது. பதில் எழுது, சேர்த்தே எழுதலாம், நான் படிப்பேன், உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டுவேன். இதையும் அவளுக்குப் படித்துக் காட்டச் சொல்கிறாள், அடுப்புக் கதவு வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடுவேன். தலையில் கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, நீ வேலை பார்க்கும் மருத்துவமனைச் சமையல்கட்டில் நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. ரெக்கார்டு ஊசி ஒன்று கூடுதலாக அனுப்பு. ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே வந்து உன் கூடவே வீடு திரும்பட்டும், உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். ஆகஸ்டில் நீ வரும்போது அந்த அறை உனக்குத்தான், கட்டிலைத் திருப்பிப் போட்டுவிடுவோம். ஒன்றே ஒன்று மறக்காதே, கதவைத் திறந்தே வை.

பெருவிரல் வைக்காமல், தன் பெயரைத் தானே எழுதி,
உன் அப்பா
ஜெர்வாசியோ